காற்றுக்கு வழிவிடும் வால்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள். காலைத் திருப்பலி முடிந்து நாம் பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, நம் கடற்கரைப் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வாசற்படியில் காத்திருந்தார். சேலைத் தலைப்பில் எதையோ மூடி வைத்திருந்தார். கோயிலுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கைப் பொருளாயிருக்கும் என்றே முதலில் எண்ணினோம். தலைப்பை விலக்கியதும் ஒரு முழ நீள மரத்துண்டு வெளிப்பட்டது. அதன் ஒரு முனை வழவழவென்று இழைக்கப்பட்டிருந்தது. மறுமுனை சிம்பு சிம்பாய்க் கிழிந்திருந்தது.

“சாமி, நேற்று இராத்திரி இது எங்கள் வீட்டு மாடியிலிருந்து பறந்துபோய், வலை சீர்செய்கிற இடத்தில் மணலில் குத்திக்கொண்டு நின்றது. பகலாயிருந்தால் அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! எத்தனை பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும்! நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் காற்றாடியைக் கழற்றி எறியச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீங்கள் சொன்னால் கேட்பான்” என்றார். சொல்லும்போதே அவருடைய கை நடுங்கியது.

அவருடைய மகனை நாம் அறிவோம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் தேறியவன், அமைதியான பிள்ளை. வீட்டு மாடியில் அவன் காற்றாடி ஒன்று செய்து நிறுத்தியிருப்பதையும், அது சுழலும் ஓசை தெருமுனை வரையில் கேட்பதையும் அறிந்திருந்தோம். இளைஞருக்குரிய விளையாட்டு என்று எண்ணி அதைப் பற்றி விசாரிக்காமல் இருந்துவிட்டோம். அது நம்முடைய தவறே.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். மாடியில் இரும்புக் குழாய் ஒன்றின் உச்சியில் காற்றாடி நின்றிருந்தது. மூன்று இறக்கைகளுள் ஒன்று பாதியில் ஒடிந்திருந்தது. மற்ற இரண்டும் அசையாதபடி கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. செப்புக் கம்பிச் சுருள்களைக் கழற்றித் தரையில் வைத்திருந்தான். அவை கருகி, அரக்கு எரிந்த நாற்றம் இன்னும் போகாமல் இருந்தது. அவன் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“தம்பி, இதை எதற்காகச் செய்தாய்?” என்று கேட்டோம். கழற்றி எறி என்று சொல்லவே போயிருந்தோம். ஆயினும் இந்தக் கேள்விதான் முதலில் வாயில் வந்தது.

அவன் சொன்ன விடை நம்மை வாயடைக்கச் செய்தது. 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியதை நம் குடும்பங்களுள் எவரும் மறந்திருக்க முடியாது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து ஊர்கள் பல நாட்கள் இருளில் மூழ்கிக் கிடந்தன. கடலுக்குச் சென்றவர்களுள் பலர் திரும்பவேயில்லை. அப்போது இவன் பள்ளிச் சிறுவன். இவனுடைய தந்தை சென்ற படகைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி மின்னேற்றம் இல்லாமல் அணைந்துவிட்டது. அந்தப் படகு அலைகளால் அடித்துச் செல்லப்பட்டு இலட்சத்தீவில் கரையேறியிருந்தது. தந்தை அங்கிருந்து பலமுறை அழைத்திருக்கிறார். இங்கே மணி ஒலிக்கவில்லை. அவர் உயிரோடிருக்கிறார் என்ற செய்தி அடுத்த ஊர்க்காரர் ஒருவர் வழியாக இரண்டு நாள் கழித்துத்தான் இந்த வீட்டை எட்டியது. அந்த இரண்டு நாளும் அம்மா கிடந்த கிடையைப் பார்த்தவன் இவன்.

“அந்த மாதிரி இராத்திரி மறுபடியும் வந்தால், எங்கள் வீட்டில் ஒரு விளக்கும் ஒரு போனும் அணையக்கூடாது சாமி. அவ்வளவுதான்” என்றான்.

இதைக் கேட்ட பின் கழற்றி எறி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியாது. மணலில் குத்தி நின்ற மரத்துண்டு நம் கண்ணிலேயே இருந்தது. “ஒரு மாதம் பொறு. அதுவரை இதைக் கட்டியே வை. நாமும் படிக்கிறோம், நீயும் படி” என்று சொல்லித் திரும்பினோம். குருமடத்தில் நாம் கற்ற பௌதிகம் சொற்பம். ஆயினும் அந்த ஒரு மாதத்தில் கற்றவை பல. வீடுகளில் இத்தகைய முயற்சியில் இறங்கும் பிள்ளைகளும், அவர்களைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோரும் அறிந்துகொள்ளத்தக்கவை அவை. ஆகவே அவற்றை இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

காற்றாடி செய்கிறவர் முதலாவதாக அறியவேண்டியது காற்றின் கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றலும் இரண்டு மடங்காகும் என்றே நம்மில் பலர் எண்ணுவோம். உண்மை அதுவன்று; ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேகம் இரட்டித்தால், ஒரு நொடியில் சக்கரத்தின் வழியே கடந்து செல்லும் காற்றின் அளவு இரட்டிக்கிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு கிலோவும் சுமந்துவரும் ஆற்றலோ நான்கு மடங்காகிறது. இரண்டை நான்கால் பெருக்க எட்டு.

இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள சிறு சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் இதமாய் வீசும் காற்று அச்சக்கரத்தின் பரப்பில் கொண்டுவரும் ஆற்றல் சுமார் 235 வாட். காற்று 36 கிலோமீட்டர் வேகத்தை அடையும்போது அது ஏறக்குறைய 1,900 வாட் ஆகிறது. 72 கிலோமீட்டரில் 15,000 வாட். புயல்வேகமாகிய 108 கிலோமீட்டரில் 50,000 வாட்டையும் தாண்டிவிடுகிறது. இதில் 100-க்கு 59 பங்குக்கு மேல் எந்த இயந்திரமும் கவர முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். வீட்டில் செய்யும் காற்றாடி கவர்வது அதனினும் மிகக் குறைவு. இருந்தாலும், சில நூறு வாட்டுக்கென்று செய்த கம்பிச் சுருளின்மேல் பல ஆயிரம் வாட் வந்து விழுந்தால் அது கருகாமல் என்ன செய்யும்?

கருகுவதோடு நின்றால் பொருள் நஷ்டம் மட்டுமே. இறக்கையின் கதை வேறு. அந்த இரண்டு மீட்டர்ச் சக்கரத்தின் இறக்கை நுனி, 36 கிலோமீட்டர்க் காற்றிலேயே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் சுழலக்கூடும். அப்போது ஒரு கிலோ எடையுள்ள இறக்கை தன்னைப் பிடித்திருக்கும் ஆணிகளை ஏறக்குறைய 150 கிலோ பளுவுக்குச் சமமான விசையுடன் வெளியே இழுக்கிறது. சுழற்சி இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு, அதாவது 600 கிலோ. அதைத் தாங்காத மரம் ஒடிகிறது; ஒடிந்தது பறக்கிறது. அந்தத் தாய் சேலைத் தலைப்பில் மூடிக் கொண்டுவந்தது அதைத்தான்.

ஆகவே காற்றாடி செய்வதில் கடினமான பகுதி அதைச் சுழல வைப்பதன்று. சுழற்றுவதைக் காற்றே செய்துவிடும். மிகையான காற்றில் அது எவ்வாறு தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதே கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாறு சுவையானது.

பழங்காலத்து ஐரோப்பியக் காற்றாலைகளில் ஆலைக்காரரே காவல். காற்று மிஞ்சினால் அவர் வெளியே வந்து இறக்கைகளின் மேலுள்ள பாயைச் சுருட்ட வேண்டும். இரவில் தூங்கிவிட்டாரானால் ஆலை போயிற்று. ஆள் இல்லாமல் தானே தன்னை அடக்கிக்கொள்ளும் காற்றாடியை 1854-ம் ஆண்டில் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே என்பவர் செய்தார். சுழற்சி மிகும்போது அவருடைய சக்கரத்தின் பலகைகள் தாமே திரும்பிக் காற்றுக்கு வழிவிட்டன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அசையும் உறுப்புகள் பல.

அதனினும் எளிய வழியைக் கண்டவர் ஒரு பொறியியலார் அல்லர். ஒரு சமய ஊழியர். லெனார்டு வீலர் என்பது அவர் பெயர். பிரிந்த சகோதர சபையொன்றின் போதகர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒடானா என்ற இடத்தில், ஒஜிப்வே பழங்குடி மக்களிடையே 1845 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். அங்கே மாவரைக்கவும் நீரிறைக்கவும் காற்றைப் பயன்படுத்த முயன்ற அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கிய அமைப்புக்கு 1867-ம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. கிரகணம் என்று பொருள்படும் ‘எக்லிப்ஸ்’ என்பது அதன் பெயர்.

வீலர் சக்கரத்தின் பலகைகளைத் திருப்பவில்லை. சக்கரத்தின் பக்கத்தில், அதற்கு இணையாக, ஒரு சிறு தகட்டை நிறுத்தினார். காற்று அளவோடு வீசும்போது பின்னாலுள்ள வால் சக்கரத்தைக் காற்றுக்கு எதிரே பிடித்து நிறுத்தும். காற்று மிஞ்சினால் அந்தப் பக்கத் தகட்டின்மேல் விழும் அழுத்தம் சக்கரத்தை மெல்ல ஒருபுறமாய்த் திருப்பிவிடும். காற்றுக்கு முகத்தைக் காட்டி நின்ற சக்கரம் இப்போது விளிம்பைக் காட்டி நிற்கும். காற்று தணிந்ததும், நெம்புகோலில் தொங்கும் எடைக்கல் அதைப் பழைய நிலைக்கு இழுத்துவரும். ஆள் வேண்டாம், கடிகாரம் போன்ற நுட்பமும் வேண்டாம். ஒரு தகடும் ஒரு கல்லும் போதும். நீரிறைக்கும் காற்றாடிகள் அமெரிக்கச் சமவெளிகளெங்கும் பரவியதற்கு இத்தகைய எளிய தற்காப்பு ஒரு முக்கிய காரணம்.

இதே தத்துவந்தான் இன்று வீடுகளில் செய்யப்படும் சிறு காற்றாடிகளையும் காக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்குக் கரையில் ஸ்கோரெய்க் என்றொரு சிறு தீபகற்பம் உண்டு. அங்கே வாகனம் செல்லும் சாலை கிடையாது. படகில் போகவேண்டும், அல்லது மலையோரமாக நடந்து போகவேண்டும். மின்வாரியக் கம்பிகளும் அங்கே எட்டியதில்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து வீசும் கடுங்காற்றுக்கு மட்டும் குறைவில்லை. அங்கே 1970-களில் குடியேறிய ஹியூ பிகட் என்பவர், பழைய வண்டிகளின் பிரேக் டிரம்களைக் கொண்டும், கையால் செதுக்கிய மர இறக்கைகளைக் கொண்டும் காற்றாடிகள் செய்யத் தொடங்கினார். தம் அனுபவத்தை நூல்களாக எழுதி வெளியிட்டார். பல நாடுகளில் பயிற்சி வகுப்புகளும் நடத்தினார். உலகெங்கும் கையால் காற்றாடி செய்கிறவர்களுள் கணிசமானோர் அவர் காட்டிய முறையையே பின்பற்றுகின்றனர்.

அந்த முறையில் சக்கரம் கம்பத்தின் நேர் உச்சியில் இராது. சற்றே ஒதுங்கி, சுமார் 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் இருக்கும். ஆகவே காற்றின் தள்ளல் எப்போதும் சக்கரத்தை ஒருபுறமாய்த் திருப்பவே முயலும். அதைத் திரும்பவிடாமல் பிடித்திருப்பது வால். அந்த வாலோ, கதவுபோல் ஒரு கீலில் தொங்குகிறது. கீல் செங்குத்தாய் இல்லாமல் சற்றுச் சாய்ந்து நிற்பதால், வால் மடியவேண்டுமானால் கொஞ்சம் மேலே ஏறியாக வேண்டும். அதன் சொந்த எடை அதை ஏறவிடாமல் கீழே பிடித்திருக்கும். காற்றின் தள்ளல் அந்த எடையை வெல்லும் அளவுக்கு மிகுந்தவுடன், வால் மடிய, சக்கரம் காற்றிலிருந்து விலகிக்கொள்ளும். காற்று குறைந்ததும் வால் தன் எடையாலேயே இறங்கிப் பழைய இடத்துக்கு வரும்; சக்கரமும் மீண்டும் காற்றை எதிர்கொள்ளும்.

இதில் வாலின் எடையே சூட்சுமம். எடை குறைந்தால், வேண்டிய காற்றிலும் சக்கரம் விலகிக்கொண்டு மின்சாரம் தராது. எடை மிகுந்தால், விலகவேண்டிய வேளையில் விலகாது. கம்பிச் சுருள் கருகும், இறக்கை ஒடியும்.

இதைப் படித்ததும் நமக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. மறுநாள் மாலை மாடிக்குச் சென்று காற்றாடியின் வாலை உற்றுப் பார்த்தோம். வாலின் நுனியில் இரும்புத் துண்டு ஒன்று கம்பியால் இறுகக் கட்டப்பட்டிருந்தது.

“இது எதற்குத் தம்பி?”

அவன் சற்றுத் தயங்கினான். “முதலில் இது இல்லை சாமி. நல்ல காற்று வரும் நேரத்தில் வால் மடிந்துபோய் கரண்டு குறைந்தது. இன்னும் கொஞ்சம் கிடைக்கட்டுமே என்று கட்டினேன்” என்றான்.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கட்டும் இரும்புத் துண்டு எந்த மனிதனிடத்தில் இல்லை? நாமும் வயதுக்கும் உடம்புக்கும் மிஞ்சிய வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, மருத்துவர் சொன்ன ஓய்வைத் தள்ளிவைத்தவர்தாம். அவன் தானாகவே குறட்டை எடுத்துக் கம்பியை வெட்டினான். இரும்புத் துண்டு தரையில் விழுந்தது.

வால் ஒன்று போதுமா? போதாது என்பதை டென்மார்க் நாட்டார் கற்றுக்கொடுத்தனர். அந்நாட்டில் யோஹானஸ் யூல் என்ற மின்பொறியாளர் 1957-ம் ஆண்டில் கெட்ஸர் என்ற கடற்கரையில் 24 மீட்டர்க் குறுக்களவுள்ள காற்றாலையை நிறுவினார். காற்று மிஞ்சும்போது இறக்கைகள் தம் வடிவத்தாலேயே திறன் இழக்கும்படி அதை அமைத்தார். அதனோடு நிறைவடையாமல், சுழற்சி எல்லை மீறினால் இறக்கைகளின் நுனிகள் திரும்பிக் காற்றைத் தடுக்கும்படியும் செய்தார். ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும். அந்த ஆலை ஏறக்குறைய பத்தாண்டுகள் மின்சாரம் தந்தது. 1970-களின் நடுவில் கிறிஸ்டியான் ரீசாகர் என்ற தச்சர் இதே மாதிரியைச் சிறிதாக்கித் தம் வீட்டுத் தோட்டத்தில் நிறுவினார். அவரைப் போன்ற தச்சர்களும் கொல்லர்களும் விவசாயிகளும் தொடங்கிய முயற்சிதான் பிற்காலத்தில் பெருந்தொழிலாக வளர்ந்தது. ஒன்றையொன்று சாராத இரண்டு தடைகள் இருந்தே ஆகவேண்டும் என்பது அந்நாட்டில் விதியாயிற்று. 1986-ம் ஆண்டில் நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகள் குஜராத், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கடலோரங்களில் அமைந்தபோது, வந்து இறங்கியவை டென்மார்க்கின் 55 கிலோவாட் இயந்திரங்களே. ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தலையும் கடந்து செல்லும்போது நாம் காணும் காற்றாலைக் காடுகளுக்குப் பின்னால் ஒரு தச்சரின் தோட்டமும் உண்டு என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் வில்லியம் கம்குவம்பாவைப் பற்றி நம் இளைஞனே நமக்குச் சொன்னான். 2001-02-ல் அந்நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பள்ளிக் கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்திய 14 வயதுச் சிறுவன், ஊர் நூலகத்தில் கண்ட ஒரு நூலின் துணையால், மிதிவண்டிச் சட்டம், டிராக்டர் விசிறி, நெருப்பில் வாட்டித் தட்டையாக்கிய பிளாஸ்டிக் குழாய், மிதிவண்டி டைனமோ ஆகியவற்றைக் கொண்டு காற்றாடி செய்தான். வீட்டில் விளக்கு எரிந்தது. அந்தச் சிறுவன் விளக்கோடு நிற்கவில்லை. கூரை புல்லால் வேய்ந்தது என்பதை நினைவில் கொண்டு, மின்கம்பிகள் உரசினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு சாதனத்தையும் ஆணிகளையும் காந்தத்தையும் கொண்டு தானே அமைத்தான். அவன் வரலாறு 2009-ல் நூலாக வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது. வாசித்தவர்கள் விளக்கை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஆணிகளையும் காந்தத்தையும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மாதம் முடிந்தது. தாயையும் மகனையும் ஒருங்கே அமர்த்திப் பேசினோம். காற்றாடி இருக்கட்டும், ஆனால் சில நிபந்தனைகள் என்றோம். அவற்றை இங்கே எழுதுகிறோம், பிறருக்கும் பயன்படலாம்.

முதலாவது, வீட்டு மாடி காற்றாடிக்கு ஏற்ற இடமன்று. சுவர்களிலும் கூரைகளிலும் மோதி வரும் காற்று சுழித்துச் சுழித்து அடிக்கும்; அதில் வால் குழம்பும், இறக்கை அதிரும், அந்த அதிர்வு சுவரில் இறங்கும். அக்கம்பக்கத்திலுள்ள மரங்களுக்கும் வீடுகளுக்கும் மேலே நன்கு உயர்ந்து, திறந்த வெளியில், ஆள் நடமாட்டத்துக்கு அப்பால் கம்பம் நிற்கவேண்டும்.

இரண்டாவது, கம்பத்தை நான்கு புறமும் ஸ்டே கம்பியால் கட்டி, அடியில் கீல் வைத்து, வேண்டும்போது தரையில் சாய்த்து இறக்கும்படி அமைக்கவேண்டும். காற்றடிக்கும்போது எவரும் கம்பத்தில் ஏறக்கூடாது.

மூன்றாவது, ஓடும் காற்றாடியின் பளுவை ஒருபோதும் துண்டிக்கக்கூடாது. பேட்டரி நிறைந்துவிட்டது என்று கம்பியைக் கழற்றிவிட்டால், பாரம் இழந்த சக்கரம் கட்டுக்கடங்காமல் ஓடும். மிகுதி மின்சாரத்தைச் சூடேற்றும் கம்பி ஒன்றில் செலவழித்துவிட வேண்டும்.

நான்காவது, நிறுத்தும் சுவிட்ச். மின்னாக்கியிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் சக்கரம் தானே தளர்ந்து நிற்கும். ஆனால் அதைக் காற்று மிதமாக இருக்கும்போதே செய்யவேண்டும். கடுங்காற்று வந்த பின் செய்தால் சக்கரம் நிற்காமலும் போகலாம். சுருள் கருகியும் போகலாம்.

ஐந்தாவது, கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். மாதம் ஒருமுறை இறக்கி, நட்டு, போல்ட், ஸ்டே கம்பி, இறக்கையின் அடிப்பாகம் அனைத்தையும் சோதிக்க வேண்டும்.

தாய் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “வலை சீர்செய்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் வை” என்று மட்டும் சொன்னார். அதுவே அவருடைய சம்மதம்.

புதிய இறக்கைகளைச் செதுக்கி, புதிய சுருள் சுற்றி, ஊருக்குத் தெற்கே தேரி மணலில் கம்பம் நிறுத்த அவனுக்குப் புரட்டாசி வரை ஆயிற்று. கார்த்திகையில் ஒரு நாள், மீனவர் கடலுக்குச் செல்லவேண்டாம் என்ற எச்சரிக்கை வந்தது. பிற்பகலில் நாம் அங்கே சென்றோம். வானம் இருண்டிருந்தது, காற்று இன்னும் எழவில்லை. கம்பத்தைப் பார்த்தபடி அவன் நின்றிருந்தான்.

“இறக்கவா வேண்டும் சாமி? இத்தனை பாடுபட்டு வாலைச் சரியாக்கினேன். உண்மையான காற்று இன்றைக்குத்தான் வருகிறது. அது எப்படி மடிகிறது என்று ஒரே ஒருமுறை பார்த்துவிடலாமே. அதோடு, இந்த மாதிரி இராத்திரிக்காகத்தானே இதைச் செய்தேன்?” என்றான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நமக்கு உடனே விடை தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய தாத்தா, கட்டுமரத்தில் பாய் விரித்து ஐம்பது ஆண்டு கடலோடியவர், நிதானமாய்ச் சொன்னார்: “மக்கா, பாய் எவ்வளவு நல்ல பாயானாலும் கொண்டல் இருட்டிக்கொண்டு வரும்போது தாழ்த்தத்தான் வேண்டும். பாய் கெட்டியா இல்லையா என்று அப்போது பார்க்கிறவன் கரைக்கு வரமாட்டான். உன் பேட்டரி நிறைந்திருக்கிறதா, அதைப் பார்.”

பேட்டரி நிறைந்திருந்தது. அவன் சுவிட்சை இட்டுச் சக்கரத்தை நிறுத்தினான். நான்கு இளைஞர்கள், கரமடி இழுப்பதுபோல் கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்த, கம்பம் சாய்ந்து மணலில் படுத்தது. இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுசென்றார்கள்.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. இரண்டு இரவும் இரண்டு பகலும் ஊரில் விளக்கில்லை. அந்த வீட்டில் மட்டும் 5 வாட் விளக்குகள் இரண்டு எரிந்தன. 100 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் ஏறக்குறைய 600 வாட்-மணி கிடைக்கும்; இரண்டு விளக்குக்கும் சில கைப்பேசிகளுக்கும் அது மூன்று நாளுக்குப் போதுமானது. அக்கம்பக்கத்தார் தத்தம் கைப்பேசியை ஏந்திக்கொண்டு வாசலில் வரிசையாய் நின்றனர். அந்தத் தாயே ஒவ்வொன்றாய் வாங்கி, முறை வைத்து, மின்னேற்றிக் கொடுத்தார். கேரளத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் சென்றிருந்த மகனைப் பற்றிக் கலங்கிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரின் கைப்பேசி, இரண்டாம் நாள் விடியற்காலையில் ஒலித்தது. படகு ஒரு துறைமுகத்தில் ஒதுங்கியிருக்கிறது என்ற செய்தி. அந்த மூதாட்டி அங்கேயே படியில் அமர்ந்து அழுதுவிட்டார். தாயும் அவரோடு அமர்ந்து அழுதார். எதற்காக அழுதார் என்பதை மகன் அறிவான்.

புயலிரவுக்கான விளக்கு புயலிலிருந்து வரவில்லை. அதற்கு முன் வந்த சாதாரண நாட்களில், மிதமாய் வீசிய காற்றில், நாள்தோறும் சிறிது சிறிதாய்ச் சேர்ந்தது அது. அந்த இளைஞன் மாடியில் நின்று கேட்ட கேள்விக்கு இதுவே விடை. அவனுக்கு நாம் சொல்லவில்லை. அவனே பிறகு நமக்குச் சொன்னான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் எதையேனும் செய்ய முனைந்தால், ஆபத்து என்று அஞ்சி உடனே தடுத்துவிடாதீர்கள். விளையாட்டு என்று எண்ணி, நாம் இருந்ததுபோல், விசாரிக்காமலும் இருந்துவிடாதீர்கள். அருகில் சென்று, “இது மிஞ்சிப்போனால் எப்படி நிறுத்துவாய்?” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையின் கையில் வேலையை நம்பி விடலாம். தெரியாவிட்டால், அவனோடு அமர்ந்து நீங்களும் தேடுங்கள்.

ஒடிந்த அந்த மரத்துண்டு நம் மேசைமேல் இருக்கிறது. தாய் அதைத் திரும்பக் கேட்கவில்லை. வாலிலிருந்து வெட்டிய இரும்புத் துண்டைக் கேட்டு வாங்கி, அதையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். காகிதங்கள் காற்றில் பறக்காமலிருக்க அது நன்றாகவே உதவுகிறது.